ஹோம்லி இல்லையாமா

டிச. 3, 96. செவ்வாய்

குளிர். காலையில் வாயைத் திறந்தால் புகை. கெமி. மூன்றாம் பாடம் பாதிதான் ஆச்சு.

எழுதும் இடம் சாமான் அறை. அரிசி மூட்டைக்கும் பெரியப்பா மகன் மணி அண்ணனின் பழைய கேரம்போர்டுக்கும் நடுவில் என் பாய். லைட் போட்டால் கதவிடுக்கில் தெரியும். ஆகவே டார்ச். காலடி கேட்டால் இதை பிஸிக்ஸ் ரெக்கார்டுக்குள் செருக வேண்டும்.

பயமாக இருக்கிறது. எதற்கு என்று எழுதினால் குறையுமா பார்க்கிறேன்.

ஸ்கூல் விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது பெரியம்மா ஹாலில் போனில்.

"ஆமாங்க, பிளஸ் டூதானுங்க. எங்க கொழுந்தனார் பொண்ணு. ஆறாவதுல இருந்து நம்மூட்லதான் வளருது. கலருங்களா? மாநெறமுங்க. ஆனா பொண்ணு ரொம்ப ஹோம்லிங்க."

அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் குரலை மாற்றினார். ஒரம்பரை வந்தால் மட்டும் பீரோவில் இருந்து எடுக்கிற கண்ணாடித் தம்ளர் போல. உள்ளே போய் முகம் கழுவினேன். கொழுந்தனார் பொண்ணு என்றால் நான்தானே.

ராத்திரிச் சாப்பாட்டில் பெரியப்பாவே சொன்னார். "ஈரோட்டுக்காரங்க. மஞ்ச மண்டி வெச்சிருக்காங்க. பையன் அமெரிக்காவுல கம்ப்யூட்டரு. முதல்ல அவங்கம்மாளும் அக்காளும் மட்டும் வந்து பாத்துட்டுப் போறாங்க. அமாவாசை கழிஞ்சு பன்னெண்டாந் தேதி, வியாழக்கெழம."

"அன்னைக்கு இங்கிலீஷ் பரீட்சைங்க பெரியப்பா."

"பரீட்சை காலைலதான? அவங்க பொழுதோடதான் வருவாங்க. மார்கழி பொறந்துட்டா தை வரைக்கும் பேச்செடுக்க முடியாது."

பெரியம்மா ரசம் ஊற்றிக்கொண்டே: "இப்பவேவா தாலி கட்டப் போறோம்? பேசி வெத்தல பாக்கு மாத்திக்கறது. பதினெட்டு முடிஞ்சு வைகாசில வெச்சுக்கலாம். எதுக்குடி மொகத்தத் தொங்கப் போடறே?"

அரையாண்டு லீவில் என்ட்ரன்ஸ் கோச்சிங் ஆரம்பிக்கிறது. சேரட்டுமா என்று இன்றைக்குத்தான் கேட்பதாக இருந்தேன். ஸ்கூல் பஸ்ஸில் வரும்போது வாக்கியத்தைக்கூட ஒத்திகை பார்த்தேன். கேட்கவில்லை. வைகாசியில் கல்யாணம் என்றால் என்ட்ரன்ஸ் எதற்கு என்று அவர்கள் கேட்பார்கள். இன்ஜினியரிங் படிக்க வேண்டும் என்று இதுவரை சத்தமாகச் சொன்னதே இல்லை. இங்கே எழுதியதுதான் முதல் தடவை.

டார்ச் மங்குகிறது.

டிச. 4. புதன்

மணி அண்ணன் பெங்களூரில் இன்ஜினியரிங். (என்னைவிட மார்க் குறைவு. டொனேஷன்.) அவன் ஷெல்ஃபில் இங்கிலீஷ்–தமிழ் டிக்ஷனரி. பெரியம்மா பால் வாங்கப் போன சமயம் எடுத்துப் பார்த்தேன்.

ஹோம்லி: வீட்டிற்குரிய. எளிய. பகட்டற்ற.

அவ்வளவுதான். இதில் என்ன பயம் இருக்கிறது? ஆனால் பெரியம்மா சொல்கிற ஹோம்லி இதைவிடப் பெரியது. இன்று முழுக்கக் கேட்ட அறிவுரையில் இருந்து தொகுத்தால்:

சேலை கட்டினால் முந்தானை நழுவக் கூடாது.
கேட்டால் மட்டும் பதில்.
பல் தெரியச் சிரிக்கக் கூடாது, ஆனால் உம்மென்றும் இருக்கக் கூடாது.
சமைப்பாயா என்றால் "சுமாராப் பண்ணுவேனுங்க" என்று சொல்ல வேண்டும். நல்லாப் பண்ணுவேன் என்றால் திமிர். தெரியாது என்றால் போச்சு.
பத்தாவதில் கணக்கில் நூற்றுக்கு நூறு என்பதை நாமாக எடுத்துச் சொல்லக் கூடாது. "கேட்டா நாங்க சொல்லிக்கறோம். படிப்புத் திமிர்னு நெனைப்பாங்க."
பையனின் அக்காவை நங்கையா (நாத்தனார்) என்றுதான் கூப்பிட வேண்டும். இன்னும் எதுவும் ஆகவில்லை, எதற்கு என்று கேட்டேன். தலையில் குட்டு.

எந்த டிக்ஷனரியில் போய் இதெல்லாம் தேடுவது.

அம்மாவுக்கு போன் போடலாமா என்று கேட்டேன். பெரியப்பா போன் பூட்டைத் திறந்து டயல் பண்ணிக் கொடுத்தார். கிணத்துக்கடவில் எங்கள் தோட்டத்துக்கு போன் கிடையாது. மெயின்ரோட்டு உரக்கடைக்குப் போட்டு, அவர்கள் ஆள் அனுப்பி, அம்மா மூச்சிரைக்க வந்து "என்ன கண்ணு" என்றபோது பெரியப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லீங்கம்மா. சும்மாதான்."

"பெரியப்பா பாத்துச் செய்யறாரு. நீ வாயத் தொறக்காம இரு கண்ணு. சாப்புட்டயா?"

வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அம்மா சாப்பிட்டாரா என்று நான் கேட்கவில்லை.

டிச. 5. வியாழன்

ஸ்கூல் லைப்ரரி. மூலையில் மேஜை மேல் நிரந்தரமாகத் திறந்திருக்கும் பெரிய டிக்ஷனரி. தூக்கினால் முதுகு பிடிக்கும். லைப்ரரி சிஸ்டர்: "அரைப்பரீட்சை வெச்சுக்கிட்டு இங்க என்ன?" இங்கிலீஷ் செகண்ட் பேப்பர் சிஸ்டர் என்றேன். பொய் இல்லை, மொழி ஒன்றுதானே.

எழுதி வந்தது:

ஹோம் + லி. ஹோம் மிகப் பழைய சொல். ஆரம்பத்தில் வீடு மட்டும் இல்லை, ஊரும் அதுதான். இங்கிலாந்தில் ஊர்ப் பெயர்களின் வாலில் 'ஹம்' என்று வருமே, அது இந்தச் சொல்லின் மிச்சம். நமக்குப் பாளையம், பட்டி மாதிரி.

லி என்ற ஒட்டு முன்னொரு காலத்தில் தனிச்சொல். அர்த்தம் உடல், உருவம். அப்படியானால் வீடு + உடல். வீட்டின் உடம்பு. படித்ததும் ஒரு மாதிரி இருந்தது. பெரியம்மா சொன்னது தப்பில்லை போலிருக்கிறது. வீட்டுக்கு ஓர் உடம்பு வேண்டும். அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

பிறகு அர்த்தம் எப்படி நகர்ந்தது என்பது. முதலில் வீட்டைச் சேர்ந்த, நெருங்கிப் பழகிய. அப்புறம் பகட்டில்லாத, சாதாரணமான. அப்புறம் பார்க்க ஒன்றும் இல்லாத. கடைசியாக, அமெரிக்காவில், அழகில்லாத. முகம் லட்சணமில்லாத.

இரண்டு முறை படித்தேன். அமெரிக்காவில் ஒரு பெண்ணை ஹோம்லி என்றால் அவள் அசிங்கமாக இருக்கிறாள் என்று அர்த்தம். மரியாதையாகச் சொல்கிற அசிங்கம்.

பெரியம்மா இத்தனை நாளாக அமெரிக்கா மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டு, பொண்ணு ரொம்ப அசிங்கமுங்க, ரொம்ப அசிங்கமுங்க...

சிரித்துவிட்டேன். சத்தமாக. சிஸ்டர் ஸ்கேலால் மேஜையைத் தட்டினார். வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினால், சொல்வதற்கு ஆள் இல்லை. பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் பர்வீனிடம் முந்தாநாள் வரை எல்லாம் சொல்வேன். அமெரிக்கா என்ற விஷயம் தெரிந்ததில் இருந்து "உனக்கென்னடி, ப்ளேன்ல போறவ. எங்களையெல்லாம் ஞாபகம் வெச்சுக்கோ" என்று ஒரு குரல். கிண்டலா கோபமா தெரியவில்லை. ரிவிஷனுக்கு இப்போது வேறு பெஞ்ச்.

தமிழில் இல் என்றால் வீடு. இல்லாள், இல்லறம். இல் என்றாலே இல்லை என்றும் பொருள். தமிழ் மிஸ் எப்போதோ சொன்னது. அப்போது பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன்.

டிச. 8. ஞாயிறு

வெயில் வந்தது, மத்தியானம் மட்டும். அப்பா வந்தார். தேங்காய் மூட்டை, இரண்டு தார் பூவன் பழம், முருங்கைக்காய். பஸ் மேலே போட்டு வந்து, காந்திபுரத்தில் இருந்து ஆட்டோ.

இந்த வீட்டுக்கு வந்தால் அப்பா நாற்காலியில் நுனியில்தான் உட்காருவார். பெரியப்பாவின் சொந்தத் தம்பி. அவர் பவுண்டரி ஆட்களைப் போல "சரிங்கண்ணா, ஆச்சுங்கண்ணா."

தேங்காயைப் பின்பக்கம் கொட்டும்போது நானும் அப்பாவும் மட்டும். இதுதான் சமயம்.

"அப்பா, லீவுல என்ட்ரன்ஸ் கிளாஸ் இருக்குதுங்க."

"அதென்ன கண்ணு?"

"இன்ஜினியரிங் சேர்றதுக்கு ஒரு பரீட்சைங்க. அதுக்குப் படிக்க."

அப்பா தேங்காயைச் சுண்டிப் பார்த்துத் தனியாக வைத்தார். "அண்ணங்கிட்டக் கேட்டயா?"

"இல்லீங்க. நீங்க கேட்டீங்கன்னா..."

"நான் அஞ்சாவது கண்ணு. எனக்கு அதுல என்ன தெரியும்? அண்ணன் ஒண்ணு நெனச்சுச் செஞ்சுட்டிருக்கறப்ப நாம குறுக்க போயிச் சொன்னா நல்லாருக்குமா? உன்னய ஆறு வருசமா வெச்சுச் சோறு போட்டுப் படிக்க வெச்சிருக்காரு."

மூட்டையை உதறி மடித்தேன்.

அப்பாவுக்கு என்னவோ போல ஆகியிருக்க வேண்டும். சித்த நேரம் கழித்து அவராகவே கேட்டார்: "ஆமா, ஹோம்லி ஹோம்லின்னு அண்ணன் சொல்லீட்டே இருக்காரே. அப்படின்னா என்ன கண்ணு?"

மூன்று அர்த்தமும் நாக்கு நுனியில். வீட்டைச் சேர்ந்த. பகட்டில்லாத. அசிங்கமான. அப்பாவின் சட்டைக் காலரில் தேங்காய் நார்.

"ஊட்டுக்கு அடக்கமா இருக்கறதுங்கப்பா."

முகம் மலர்ந்துவிட்டது. "அப்பறம் என்ன கண்ணு. உன்ற கொணம் அதுதான? சொன்னதுல தப்பில்ல." தலையில் கை வைத்தார். கை முழுக்கத் தேங்காய் வாசனை.

நாலரை பஸ்ஸுக்குப் போய்விட்டார். கேட் வரைக்கும்தான் என்னை விட்டார்கள்.

டிச. 10. செவ்வாய்

மேத்ஸ். எல்லாக் கணக்கும். ஆறு மார்க் கேள்வி ஒன்று மட்டும் இரண்டு விதமாகப் போட்டுப் பார்த்தேன், இரண்டிலும் ஒரே விடை வந்தது. அந்த மூன்று மணி நேரம் எந்தப் பயமும் இல்லை. கடைசி மணி அடித்ததும் திரும்ப வந்தது.

வீட்டில்: ரவிக்கை டெய்லரிடம் இருந்து வந்தாயிற்று. கை இறுக்கம். "பிரிச்சு விட நேரமில்ல, ஒரு மணி நேரம் பொறுத்துக்க."

டிச. 12. வியாழன்

வரிசையாக எழுத வேண்டும். தலை சுற்றுகிறது.

இங்கிலீஷ் பேப்பர் முடித்து ஒன்றரைக்கு வீடு. கேசரி வாசனை. பெரியம்மா என் கையில் இருந்த வினாத்தாளைப் பிடுங்கி ஃபிரிட்ஜ் மேல் போட்டார். "இன்னும் என்ன படிப்பு. போயித் தண்ணி வாத்துக்க."

அரக்குப் பட்டு. பெரியம்மாவுடையது. ஏழெட்டு ஊக்கு. தலையில் மல்லிகைப்பூ, கழுத்தை ஒரு பக்கம் இழுத்தது. பின்னறையில் உட்கார வைத்துவிட்டு, கார் சத்தம் கேட்டதும் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

குரல்கள். வாங்க வாங்க. வழி தெரிஞ்சுதுங்களா. அவினாசி ரோட்டுல ஒரே லாரிங்க.

கொஞ்ச நேரத்தில் கதவு தானாகத் திறந்தது. ஒரு சின்னப் பெண். ஆறு வயது இருக்கும். கவுன், கை காலெல்லாம் கொசு கடித்த தடிப்பு. பையனின் அக்கா மகள். அவர்களும் அமெரிக்காவில்தான். பெயர் மாயா என்று அவளே சொன்னாள். தமிழ் புரிகிறது, பேச வரவில்லை.

"வாட் ஸ்டாண்டர்டு ஆர் யூ ஸ்டடியிங்?" என்று கேட்டேன். முழித்தாள். ஸ்டாண்டர்டு என்று அங்கே சொல்ல மாட்டார்களாம். கிரேடு. ஃபர்ஸ்ட் கிரேடு. என் இங்கிலீஷ் எல்லாம் பாடப் புத்தகத்தில் இருந்து வருகிறது, அவளுடையது வாயில் இருந்து வருகிறது.

என் இடுப்பில் இருந்த ஊக்கைத் தொட்டு, வலிக்குதா என்று கேட்டாள். இந்த வாரம் என்னை யாரும் கேட்டிராத கேள்வி. லிட்டில் என்றேன்.

காகிதமும் பென்சிலும் இருந்தது. வளையலைக் கழற்றி ஒரு வட்டம், அதன் விளிம்பில் வைத்து இன்னொன்று, இன்னொன்று. ஆறு தடவை போட்டால் நடுவில் பூ வந்துவிடும். மாயா வாயைத் திறந்து பார்த்தாள். அவளே ஒன்று போட்டாள், கோணல் பூ. பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்து, யூ ஆர் ப்ரிட்டி என்றாள். நீ அழகு. என் பொட்டு எங்கே வாங்கியது என்றும் கேட்டாள்.

பெரியம்மா வந்து கூப்பிட்டார். காபித் தட்டு.

ஹால். பையனின் அம்மா சோபாவில் நடுவில், கட்டிச் சரிகைச் சேலை, கண் என் காலில் இருந்து மேலே வந்தது. பக்கத்தில் மகள். பெயர் ராதாமணி. சாதாரணக் காட்டன் சேலை, கழுத்தளவு முடி. என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாயா அவர் மடியில் போய் ஏறிக்கொண்டாள்.

"உக்காரு கண்ணு. என்ன படிக்கறே?"

"பிளஸ் டூங்க."

"சமையலு?"

"சுமாராப் பண்ணுவேனுங்க."

பெரியம்மா முகத்தில் நிம்மதி. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அதோடு விட்டிருக்கலாம். தன் இங்கிலீஷையும் கொஞ்சம் காட்டலாம் என்று நினைத்திருப்பார். குனிந்து மாயாவின் கன்னத்தைக் கிள்ளிக் கேட்டார்:

"ஹவ் இஸ் அவர் கோகிலா? வெரி ஹோம்லி, நோ?"

குழந்தையின் முகம் மாறியது. அதிர்ச்சி. எல்லார் முன்னாலும் ஒருவரை வைத்துக்கொண்டு எப்படி இவர் இதைச் சொல்கிறார் என்பது போல. எனக்குப் புரிந்துவிட்டது. அந்த அறையில் எனக்கு மட்டும் என்று நினைத்தேன்.

"ஷீ இஸ் நாட் ஹோம்லி!"

"என்ன கண்ணு?" என்று பெரியம்மா இன்னும் சிரித்த முகமாக.

மடியில் இருந்து இறங்கி, காலைத் தரையில் உதைத்து, கண்ணில் தண்ணீரோடு: "ஷீ இஸ் நாட் ஹோம்லி! ஷீ இஸ் நாட்! ஷீ இஸ் நாட்!"



பையனின் அம்மா மகள் பக்கம் திரும்பினார். "ஏன் அழுகறா? என்னடி சொல்றா அவ?"

ராதாமணி அக்கா இந்த முறை ஜன்னலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நேராக. எத்தனை நேரம் என்று தெரியாது. அவருக்கு அந்த அர்த்தம் தெரியாமல் இருக்க முடியாது, அங்கேதானே இத்தனை வருடம் இருக்கிறார். இப்போது சொல்லப் போகிறார், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கப் போகிறார்கள், கேசரி சாப்பிடுவார்கள், வெற்றிலை பாக்கு என்று நினைத்தேன்.

"ஒண்ணுமில்லீங்கம்மா" என்றார். "கோகிலா ஹோம்லி இல்லையாமா."

வார்த்தைக்கு வார்த்தை சரியான மொழிபெயர்ப்பு.

பையனின் அம்மாவின் கை காபித் தம்ளரைக் கீழே வைத்தது. பெரியப்பா அவசரமாக, "சின்னக் கொழந்தைங்க, தூக்கக் கலக்கமா இருக்கும், அது என்னத்தக் கண்டுது."

"அதுதானுங்க நானும் சொல்றேன். அது என்னத்தக் கண்டுது? யாரும் சொல்லிக் குடுக்காம, மூணு வாட்டி வாயில வந்துருச்சு பாருங்க. பச்சக் கொழந்த வாக்குங்க" என்றார் பையனின் அம்மா.

"ஏனுங், அது வெளையாட்டுக்கு..."

"கேட்டுட்டுச் சொல்றோமுங்க."

போய்விட்டார்கள். கேசரி தொடவில்லை. நான் விளக்கிச் சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். சொல்லவில்லை. பயத்தாலா, வேண்டுமென்றா? டார்ச் வெளிச்சத்தில் உட்கார்ந்து என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேண்டுமென்றுதான்.

டிச. 13. வெள்ளி

படிக்க முடியவில்லை. நாளையும் மறுநாளும் லீவு, திங்கள் கெமி.

காலை ஏழு மணி முதல் விசாரணை. நான் பின்னறையில் குழந்தையோடு இருந்தது தெரிந்துவிட்டது.

"அந்தக் குட்டிகிட்ட என்னடி சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலீங்க பெரியம்மா. பூ வரைஞ்சு காட்டுனேன்."

"பூ வரைஞ்சு காட்டுனா அது எதுக்கு அப்படிச் சொல்லுது? எதையோ பாத்திருக்குது. இல்லாட்டி நீ எதையோ உளறிப்போட்டே."

"இல்லீங்க."

"என்னமோ நடந்திருக்குது இந்த ஊட்ல, எனக்குத் தெரியாம. பஸ்ல எவனாச்சும்...?"

அழுதேன். அழுததே குற்றத்துக்குச் சாட்சி ஆகிவிட்டது. பெரியப்பா ஒன்றும் கேட்கவில்லை. பேப்பரைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பக்கம் திருப்பாமல். அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. பெரியப்பாவுக்கு அவமானம். பவுண்டரிக்கு அரை மணி தாமதமாகப் போனார். அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. எனக்குக் கெடுதல் செய்வதாக அவர் நினைக்கவே இல்லை.

பக்கத்து வீட்டுக்காரம்மா சுவர் மேல் எட்டி, பெரியம்மாவிடம்: "ஏனுங்க்கா, அந்தக் கொழந்த உங்க புள்ளயப் பாத்து ஹோம்லி இல்லைன்னுச்சாமா?" ஒரே ராத்திரியில் காம்பவுண்டு தாண்டிவிட்டது. பெரியம்மா சொன்ன கதையில் அந்த நேரம் பார்த்துப் பல்லியும் சொன்னதாம். பல்லி எதுவும் சொல்லவில்லை. நான் அங்கேதான் இருந்தேன்.

டிச. 14. சனி

மழை தூறல். துணி காயவில்லை.

பதினொரு மணிக்கு போன். பெரியம்மா ஓடி எடுத்தார். "சொல்லுங்க... ஓ, நீங்களா... இருக்காளுங்க." என்னிடம் நீட்டி, வாயசைவில்: நங்கையா.

ராதாமணி அக்கா. பின்னால் மாயாவின் சத்தம் இல்லை. பெரியம்மா என் தோளுக்குப் பக்கத்தில், பெரியப்பா நாற்காலியில்.

"கோகிலா, பக்கத்துல ஆள் இருக்காங்களா?"

"ஆமாங்க."

"அப்ப ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லு. மாயா சொன்னதோட அர்த்தம் உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"ஆமாங்க."

"நெனச்சேன். உன் மூஞ்சியிலயே தெரிஞ்சுது." சிரித்த மாதிரி இருந்தது. "அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்க, பூக் கேக்கறதுக்கு. மாயாவையும் கூட்டீட்டுப் போயிருக்காங்க. அவங்க வர்றதுக்குள்ள கேட்டுக்கறேன். பூ எப்படி வந்தாலும், நான் அந்த அர்த்தத்தை விளக்கிச் சொன்னாப் போதும், சிரிச்சுட்டு நாளைக்கே வெத்தல பாக்கோட வந்துருவாங்க. என் தம்பி நல்லவன்தான், பொய் சொல்லல. அவனுக்கு இன்னும் நாலு எடம் பாத்து வெச்சிருக்காங்க, அதையும் சொல்லிர்றேன். விளக்கிச் சொல்லட்டுமா? உனக்கு வேணுமா?"

பெரியம்மாவின் மூச்சு என் காதோரம். இந்தப் பேச்சு ஆரம்பித்ததில் இருந்து, உனக்கு வேணுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிறவர் முகம் எனக்குச் சரியாக ஞாபகம்கூட இல்லை. கழுத்தளவு முடி மட்டும்.

"வேண்டாங்க" என்றேன்.

போனில் ஒரே இரைச்சல். தூறல் சத்தமா, லைன் சத்தமா.

"சொல்லாம விட்டா உன்னப் பத்தி ஏதேதோ பேசுவாங்க. அது போகறதுக்கு நாளாகும். தாங்கிக்குவயா?"

"ஆமாங்க."

"நானும் பிளஸ் டூ முடிச்ச கையோட போனவதான். செரி. நல்லாப் படி." வைத்துவிட்டார்.

"என்னடி வேண்டாம்னே?" பெரியம்மா.

எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "குழந்தையோட ஹேர் பேண்டு இங்க விட்டுட்டுப் போயிருச்சாமாங்க. எடுத்துட்டு வர ஆள் அனுப்பட்டுமான்னு கேட்டாங்க. அதுக்குத்தான் வேண்டாங்கன்னேன்."

சோபாவுக்கு அடியில் எல்லாம் தேடினார். நானும் சேர்ந்து தேடினேன். இல்லாத ஹேர் பேண்டை அரை மணி நேரம்.

டிச. 15. ஞாயிறு

ஈரோட்டில் இருந்து பெரியப்பாவுக்குப் போன். அம்மன் முன்னால் வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் வைத்து, குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னார்களாம். மாயா எடுத்தது சிவப்பு. "ஒத்து வரலீங்க, தப்பா நெனச்சுக்காதீங்க."

பெரியப்பா "செரீங்க, அதுக்கென்னங்க" என்று நாலைந்து தடவை சொன்னார்.

பயந்தது நடக்கவில்லை. சந்தோஷமாக இருக்க வேண்டும். இருட்டியதும் அப்பா உரக்கடையில் இருந்து பேசினார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். கரகரப்பான குரல்.

"கண்ணு, அவங்க என்னமோ சொல்றாங்களே. நீ ஹோம்லி இல்லைன்னு. அப்படின்னா... ஊட்டுக்கு அடக்கமா இல்லைன்னா? நீ எதாச்சும் தப்புப் பண்ணுனயா கண்ணு?"

அவருக்கு அந்த அர்த்தத்தைக் கொடுத்ததே நான்தான்.

"இல்லீங்கப்பா."

"பண்ணியிருந்தாலும் சொல்லிரு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"இல்லீங்கப்பா. சத்தியமாங்க."

"செரி. வெசனப்படாத." வைத்தார். நம்பினாரா தெரியாது. அப்பாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அண்ணனிடம் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. அதனால் அப்பாவிடமும் முடியாது. இந்த ஊரிலும் அந்த ஊரிலும் உண்மை தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். தெரிந்த இன்னொருவர் தை பிறப்பதற்குள் ப்ளேன் ஏறிவிடுவார்.

நிறைய அழுதேன். அரிசி மூட்டை மேல் முகம் வைத்து, சத்தம் வராமல்.

டிச. 16. திங்கள்

மார்கழி ஒன்று. நாலரை மணிக்குக் கோயில் ஸ்பீக்கர். வாசலில் நான்தான் கோலம் போட்டேன், பெரியம்மா எழுந்து வரவில்லை.

கெமி. பரவாயில்லை. ஆர்கானிக் ஒரு சமன்பாடு தப்பு. பர்வீன் வெளியே வந்து காத்திருந்தாள். "ஏய், போயிருச்சாமே. உனக்கு ஒரு மாதிரி இருக்கா?" என்றாள். இல்லை என்றேன். பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினாள். எடுத்துக்கொண்டேன். பஸ் வந்துவிட்டது.

ராத்திரிச் சாப்பாடு. மூன்று நாளாக யாரும் பேசாத அதே மேஜை. நான் குனிந்து சாப்பிட்டேன். பெரியப்பா தட்டைப் பார்த்தபடியே கேட்டார்:

"மேத்ஸ் எப்படிப் பண்ணியிருக்கே?"

"முழு மார்க் வருமுங்க." நாமாகச் சொல்லக் கூடாது என்பது வாயில் இருந்து வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

"என்னமோ என்ட்ரன்ஸ் கிளாஸ் இருக்குதாமா. உங்கப்பன் போன்ல சொன்னான். எப்ப ஆரம்பிக்குது?"

அப்பா. நேற்று என்னிடம் பேசிவிட்டு, திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். அண்ணனிடம். குறுக்கே போய்.

"லீவு விட்ட மறுநாளுங்க பெரியப்பா."

பெரியம்மா கரண்டியைச் சட்டியில் போட்டார். "இனி இவள எவங் கேட்டு வரப் போறான். படிச்சாச்சும் தொலையட்டும்."

பெரியப்பா மோர் ஊற்றிக்கொண்டார். மறுப்பு இல்லை. பெரியம்மா அவருக்குச் சாம்பாரில் கிடந்த முருங்கைக்காயைத் தேடிப் போட்டார், தனக்குப் போட்டுக்கொண்டார். கரண்டி என் தட்டுப் பக்கம் வரவில்லை.

நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன்.